பெற்றோருடன் நான்கு நாள்: எந்த ஊருக்குச் செல்வது?

சிங்கப்பூரில் பணிபுரியும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். ஊரிலிருந்து அவருடைய பெற்றோர் ஒரு மாதம் தங்கிச் செல்ல வந்திருக்கின்றனர். தந்தைக்கு வயது எழுபத்தொன்று, நீரிழிவு உண்டு. தாய்க்கு முழங்கால் வலி. மகனுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. அந்நாட்களில் அவர்களை அருகிலுள்ள வேறொரு நாட்டுக்கு அழைத்துச் சென்று காட்ட விரும்புகிறார். மனைவி பாலித் தீவு என்கிறார். நண்பர்கள் பாங்காக் என்கின்றனர். அவருக்கோ கம்போடியாவின் அங்கோர் வாட்டைக் காட்டவேண்டுமென்ற ஆசை. எட்டு வயது மகனுக்குக் கடல் இருந்தால் போதும். பெற்றோரைக் கேட்டாலோ, “எங்கேயானாலும் சரி தம்பி, எங்களுக்காக ஏன் வீண் செலவு?” என்ற ஒரே பதில்தான். “மறுபடி ஒருமுறை வர அவர்கள் உடல்நிலை இடங்கொடுக்குமோ என்னவோ, சாமி! தவறான இடத்தைத் தேர்ந்துவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன்” எனக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

பயணத்தைப் பற்றிய கேள்விக்குப் பங்குக் குருவிடம் விடை தேடுவானேன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் பங்குகளில் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியுள்ள குடும்பங்கள் எத்தனை! அக்குடும்பங்கள் அனைத்துக்கும் உரிய கேள்வி இது. பெற்றோரை மதிப்பது எப்படி என்னும் பழைய கேள்வியே இங்கே புது உடை உடுத்தி வந்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெயர்பெற்ற ஊர் வேறு. பெற்றோருக்கு உகந்த ஊர் வேறு. அங்கோர் வாட் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய பெருங்கோயில். உலகம் வியக்கும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் மேல்தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயிலோ நம் ஊர் வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. 2023-இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையமும் சியாம் ரீப் நகருக்கு வெகு தொலைவில் உள்ளது. முழங்கால் வலியுள்ள தாய் கீழே மரநிழலில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, “ஆகா, என்ன அழகு!” என்று சொல்வார்களாயின், அந்தப் பயணம் யாருக்காக?

பாலித் தீவுக்குச் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். இறங்கிய பிறகு கடற்கரை ஒரு பக்கம், எரிமலையும் ஏரியும் மற்றொரு பக்கம் எனக் காரிலேயே பல மணி நேரம் செலவாகும். பாங்காக் நகரின் அரண்மனையும் புத்த ஆலயங்களும் கண்ணுக்கு விருந்தே. ஆயினும் வெயிலில் நெடுநேரம் நடந்தாகவேண்டும். சாலை நெரிசலும் பேர்போனது. ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்கிரான் என்னும் புத்தாண்டு விழா. தெருவில் செல்வோர்மீதெல்லாம் தண்ணீர் வாரி இறைப்பார்கள். இளைஞருக்கு அது கொண்டாட்டம். எழுபது வயதினருக்கு அன்று. மலேசியாவின் கேமரன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும் குளிர்ச்சியுமாக இருப்பதுதான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து சாலை வழியாகச் சென்றால் போக ஒரு பகல், வர ஒரு பகல். மலைப்பாதையின் வளைவுகளில் பலருக்குத் தலைசுற்றும். நான்கு நாளில் இரண்டை வண்டிக்கே கொடுப்பது சரியன்று.

எஞ்சுவன மலாக்காவும் பினாங்கும். இரண்டும் மலேசியாவில் உள்ளவை. மலாக்கா நகரமும் பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனும் 2008-இல் ஒருசேர உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன.

மலாக்கா சிங்கப்பூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 1511-இல் போர்த்துக்கீசியரும், 1641-இல் ஒல்லாந்தரும், 1824-இல் உடன்படிக்கை மூலம் ஆங்கிலேயரும் கைக்கொண்ட பழம்பெரும் துறைமுகம் அது. முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த நம் புனித சவேரியார் 1545-இல் அங்கே சென்றார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் அவர் இறந்தபின், 1553-இல் அவருடைய உடல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் சில மாதம் மலாக்காக் குன்றின்மேல் உள்ள ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. இன்று அது கூரையற்ற சிதைவு. அங்கே போகப் படியேற வேண்டும். ஆனால் அவர் பெயரால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட தேவாலயம் கீழே சமதரையில் ஆற்றுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆற்றில் படகில் அமர்ந்தபடி ஊரைப் பார்த்துவிடலாம்.

மலாக்காவுக்குத் தடை ஒன்றுதான். அது நாட்டு எல்லை. பேருந்தில் சென்றால் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியிலும் மலேசியச் சோதனைச் சாவடியிலும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏறவேண்டும். சனி, ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். இரு நாட்டு உரிமமும் பெற்ற வாடகைக் காரில் போனால் பெரும்பாலும் அமர்ந்தபடியே கடவுச்சீட்டைக் காட்டிக் கடக்கலாம். செலவு கூடும், கால்வலி குறையும். வார நாளில் விடுமுறை வாய்ப்போர்க்கு இது நல்ல வழி.

இந்த அன்பருக்கு நாம் பரிந்துரைப்பது பினாங்கு. விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான். மலையுச்சிக்கு 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. 2011-இல் புதிய பெட்டிகள் வந்துள்ளன. மலை ஏறி நடக்காமல் சில நிமிடத்தில் குளிர்காற்றில் போய் அமர்ந்து, கீழே கடலையும் நகரையும் காணலாம். வரிசை நீளுமுன் காலையிலேயே செல்வது நன்று. ஜார்ஜ்டவுனில் கடலோரமாகச் சமதளமான நடைபாதை உண்டு. பேரனுக்குப் பத்து பெரிங்கி கடற்கரை இருக்கிறது. அவன் மணலில் விளையாட, தாத்தாவும் பாட்டியும் நிழலில் அமர்ந்து பார்த்திருக்கலாம். பாலத்தைக் கடந்து பெருநிலப் பகுதிக்குச் சென்றால் புக்கிட் மெர்த்தாஜமில் புனித அன்னம்மாள் திருத்தலம். தேவதாயின் அன்னையும் நம் ஆண்டவரின் பாட்டியுமாகிய அப்புனிதையின் திருநாளாம் ஜூலை 26-ஐ ஒட்டி அங்கே பெருந்திரளாக மக்கள் கூடுவர். முதியோருக்குக் கூட்டமில்லாத மற்ற நாட்களே ஏற்றவை.

ஆயினும் பினாங்கைச் சொல்வதற்கு இவை எல்லாவற்றிலும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஜார்ஜ்டவுனில் இந்தியர் வாழும் கடைத்தெருக்களில் தமிழ் கேட்கிறது. கடைப்பலகையில் தமிழ் எழுத்து இருக்கிறது. இட்டிலியும் தோசையும் கிடைக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் முற்காலத்தில் தோளில் தண்டு வைத்துச் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் சுமந்து விற்றதால் பெயர்பெற்ற நாசி கண்டார் என்னும் உணவின் தாயகமும் அதுவே. அங்கே உங்கள் தாய் தாமாகவே கடைக்காரரிடம், “சர்க்கரை இல்லாமல் ஒரு தேநீர் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கலாம். தந்தை தாமாகவே வழி விசாரிக்கலாம்.

இது சிறிய காரியமா? எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தகரப் பெட்டியும் தலையணையுமாக நம்மைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் பேருந்து ஏறியவர்கள் இவர்கள். எந்த வண்டி, எங்கே இறங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்தார்கள்; நாம் கைபிடித்து நடந்தோம். இன்று அந்நிய நாட்டில் அவர்கள் நம் கையைப் பிடித்து நடக்கின்றனர். மின்படியில் கால்வைக்கத் தயங்குகின்றனர். தாகமெடுத்தாலும் மகன் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருக்கின்றனர். “எங்கேயானாலும் சரி” என்று அவர்கள் சொல்வதில் பாதி அன்பு. மறுபாதி, நாம் பாரமாகிவிடக் கூடாதே என்ற அச்சம். ஆகவே ஊரைத் தேர்வதற்கு நாம் கூறும் அளவுகோல் இதுவே: உங்களை எதிர்பாராமல் அவர்கள் ஒரு வேளைத் தேநீராவது வாங்கிக் குடிக்கக்கூடிய ஊர் எதுவோ, அந்த ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி, செயல்முறையில் கவனிக்கவேண்டிய சில:

1. “எங்கே போகலாம்?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பத்து ஊர்களின் படத்தையும் காட்டாதீர்கள். மலாக்கா, பினாங்கு என இரண்டை மட்டும் முன்வைத்து, இரண்டுக்கும் உள்ள நிறைகுறைகளைச் சொல்லி, முடிவைத் தந்தையிடம் விடுங்கள். அவர் சொன்னபின் அதை மாற்றாதீர்கள்.

2. சிங்கப்பூரை விட்டு வெளியேறுமுன், பெற்றோரின் சிங்கப்பூர் விசா மீண்டும் நுழைய இடந்தருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவுக்கான விசா என்றால் திரும்பி வருவது சிக்கலாகும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும். இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விசா இன்றி வர 2023 டிசம்பர் முதல் மலேசியா அனுமதித்தது. அச்சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுவன. சீட்டு வாங்குமுன் அரசின் அறிவிப்பைப் பாருங்கள். இரு நாடுகளின் வருகைப் படிவத்தையும் அவ்வந்நாட்டை அடையுமுன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும்.

3. சக்கர நாற்காலி வேண்டுமென்று விமான நிறுவனத்துக்கு இரண்டு நாளுக்கு முன்பே தெரிவியுங்கள். “நான் என்ன நோயாளியா?” என்று அம்மா மறுப்பார்கள். விமான நிலையத்தில் நடக்கவேண்டிய தூரத்தை எடுத்துச் சொல்லுங்கள். மலையில் நடப்பதற்காகக் கால்வலுவைச் சேமித்து வைப்பதாகச் சொல்லுங்கள்.

4. மருந்துகளைக் கைப்பையில் வைத்திருங்கள். மருத்துவரின் சீட்டும் உடனிருக்கட்டும். நீரிழிவு உள்ளவரின் சாப்பாட்டு நேரம் தவறலாகாது. பிஸ்கோத்தோ வாழைப்பழமோ எப்போதும் கையிலிருக்கவேண்டும். பயணக் காப்பீடு எடுக்க மறவாதீர்கள்.

5. காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவில் உறக்கம். இதற்குமேல் திட்டமிடாதீர்கள். இடையில் ஞாயிற்றுக்கிழமை வருமாயின் திருப்பலி நேரத்தை முன்னதாகவே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. தந்தையின் சட்டைப்பையில் ஐம்பது ரிங்கிட்டாவது வைத்துவிடுங்கள். பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரும் உரிமை தாத்தாவுக்கு இருக்கட்டும். அவர் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார். கேட்டால் பொய் சொல்லவேண்டாம். கேளாதபோது சீட்டை நீட்டிக் காட்டவும் வேண்டாம்!

மனைவியின் விருப்பத்தையும் ஒதுக்கிவிடலாகாது. பெற்றோரை மதிக்கும் கடமை, இல்லாளை மதிக்கும் கடமையை நீக்கிவிடுவதில்லை. மாமனார் மாமியாருக்காகத் தம் ஆசையைத் தள்ளிவைக்கும் மருமகள் செய்வது தியாகம். அதைத் தியாகம் என்று கணவர் வாய்திறந்து சொல்லவேண்டும். பாலிக்கு வேறொரு காலத்தைக் குறித்து, சொன்னபடி அழைத்தும் செல்லவேண்டும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் அழைக்கும்போது, “ஏன் வீண் செலவு?” என்று மீண்டும் மீண்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சிக்கனத்தை நினைத்துச் சொல்கிறீர்கள். அவர்கள் காதில் அது மறுப்பாக விழுகிறது. கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். “என்னால் அரைமணி நேரம் நிற்க முடியும், அதற்குமேல் முடியாது” என்று முன்கூட்டியே உண்மையைச் சொல்வது பாரமன்று, பிள்ளைகளுக்கு அது உதவி. பார்த்த இடம் பிடித்திருந்தால் பிடித்தது என்று அங்கேயே சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பி அண்டை வீட்டாரிடம் சொல்லும் புகழ்ச்சி மகன் காதுக்கும் மருமகள் காதுக்கும் எட்டுவதில்லை.

நான்கு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது, பார்க்கவும் வேண்டாம். பிள்ளைகள் அலுவலகத்தையும் பெற்றோர் தனிமையையும் மறந்து, ஒரே மேசையில் அவசரமின்றி அமர்ந்து உண்டு, பழைய கதைகளைப் பேசிச் சிரித்தால் போதும். முதியோர் ஊர் திரும்பியபின் மலையின் உயரத்தை மறந்துபோவார்கள். மகன் தம் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு உடன் நடந்ததை மறக்கமாட்டார்கள்.