‘சைலன்ட்’ என்று தள்ளுமுன்

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு ஹைதராபாத் இரண்டு தடுப்பூசிகளைத் தந்திருக்கிறது. 2013இல் வந்த பாரத் பயோடெக்கின் ஜென்வாக், கோலாரில் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து உருவானது. பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தின் ஜீவ், சீனாவில் வலுக்குறைக்கப்பட்ட எஸ்.ஏ.14-14-2 வைரஸிலிருந்து உருவானது. இரண்டிலும் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். ஆனால் அதே எஸ்.ஏ.14-14-2, உயிருள்ள தடுப்பூசியாகவும் 2006 முதல் நம் குழந்தைகளுக்குப் போடப்பட்டிருக்கிறது. அதன் மரபணுத்தொகையில் உள்ள ஓர் எழுத்தைப் பற்றியதே இந்த உரை.

செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம் மரபணுச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். எங்கே பிரிக்கிறோம் என்பதில்தான் பொருள் இருக்கிறது என்பது தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல: தாமரை என்றால் பூ; தா, மரை என்று பிரித்தால் தாவும் மான். சில வைரஸ்கள் இந்த இரட்டைப் படிப்பைத் திட்டமிட்டே செய்விக்கின்றன. ஏழு எழுத்துள்ள ஒரு வழுக்கும் வரிசை, சிறு இடைவெளி, அடுத்து ஆர்.என்.ஏ. தன்மேலேயே மடிந்து இடும் போலி முடிச்சு. முடிச்சில் முட்டி ரைபோசோம் தயங்குகிறது. அதனுள் இருக்கும் டி.ஆர்.என்.ஏ.க்கள் ஓரெழுத்து பின்னால் சறுக்கி மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. ரவுஸ் சார்கோமா வைரஸில் ஜாக்ஸும் வார்மஸும் இதை 1985இல் காட்டினார்கள். கொரோனா வைரஸில் யூயூயூஏஏஏசி என்ற வரிசையில் சறுக்கினால்தான் நகலெடுக்கும் நொதி உட்பட்ட நீண்ட புரதம் கிடைக்கும். மூளைக்காய்ச்சல் வைரஸில் நடப்பது நேரெதிர்: என்.எஸ்.2ஏ மரபணுவின் தொடக்கத்தில் சறுக்கும் ரைபோசோம் விரைவிலேயே நிறுத்தக் கோடானைச் சந்திக்கிறது. என்.எஸ்.1 புரதம் 52 அமினோ அமில வாலோடு வெளிவருகிறது. அதற்கப்பால் உள்ள புரதங்கள் அந்தச் சுற்றில் உருவாவதில்லை.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூரில். எஸ்.ஏ.14-14-2 தடுப்பூசி சீனாவில் உரிமம் பெற்றது 1988இல். வால்நீண்ட அந்தப் புரதம் இந்தச் சறுக்கலால் வருவது என்று தெளிவானதோ 2009, 2010 வாக்கில். அதன்பின் 2012இல் வெளியான ஆய்வு, இந்தத் தடுப்பூசி வைரஸின் என்.எஸ்.2ஏ மரபணுவில் 66ஆம் எழுத்து ஜி-யிலிருந்து ஏ-வாக மாறியிருப்பதைச் சுட்டியது. அமினோ அமிலம் மாறவில்லை. ஆனால் சறுக்கல் நின்றது, வால்நீண்ட புரதம் மறைந்தது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் மூல வைரஸில் புகுத்தியபோது எலிகளில் அதன் வீரியம் குறைந்தது. வலுக்குறைவுக்கு உறைப்புரத மாற்றங்களும் காரணம் என்பதையும் மறக்கக்கூடாது.

இதை இப்போது சொல்லக் காரணம், மாற்றங்களை நாம் பட்டியலிடும் முறை. பெருந்தொற்றின்போது ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் இன்சாகாக் கூட்டமைப்பின் பிற ஆய்வகங்களும் ஏராளமான கொரோனா மரபணுத்தொகைகளைப் படித்தன. அறிக்கைகளில் எல்லோர் வாயிலும் நின்ற பெயர்கள் டி614ஜி, எல்452ஆர் போன்றவை; எல்லாம் அமினோ அமிலத்தை வைத்து இட்ட பெயர்கள். புரதத்தை மாற்றாத ‘சைலன்ட்’ மாற்றத்துக்கு அந்த முறையில் பெயரே கிடையாது. பெயரில்லாதது எளிதில் வடிகட்டப்பட்டுவிடுகிறது. 66ஆம் எழுத்தும் அந்தச் சல்லடையில் விழுந்திருக்கும்.

ஆகவே ஆய்வக நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வித்து வைரஸின் ஒவ்வொரு கடத்தலுக்குப் பிறகும் வழுக்கும் வரிசையையும் போலி முடிச்சையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கண்காணிப்பு அறிக்கைகளில் அந்தப் பகுதியின் ‘சைலன்ட்’ மாற்றங்களை நியூக்ளியோடைடு எண்ணோடு தனி வரிசையில் கொடுங்கள். சறுக்கலை இரட்டை லூசிஃபரேஸ் முறையில் அளந்தால், மறைந்திருக்கும் ஊக்கி வரிசையோ பிளவு இணைப்போ பொய்யான ஒளியைத் தரவில்லை என்பதைக் கட்டுப்பாட்டுச் சோதனைகளால் உறுதிசெய்த பிறகே சதவீதத்தை எழுதுங்கள்.