சிவன் பூ கேட்ட சீன ஆன்டி

ஜாசினில் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு நாகலிங்க மரம் நிற்கிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த புதிதில் அப்பா நட்டது. அப்பா போய்விட்டார், மரம் கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இதன் பூ கிளை நுனியில் பூக்காது. அடிமரத்திலிருந்து தொங்கும் காம்புகளில்தான் பூக்கும். நடுவில் சின்ன லிங்கம், மேலே படம் விரித்த நாகம். அம்மாவுக்கு அது சிவன் பூ. வேறு யாரும் பறிக்கக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு காற்று மழையில், இதன் காய் ஒன்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் கார் கண்ணாடியை உடைத்தது. தேங்காய் அளவு காய்! பணம் கொடுத்தோம், பேச்சு நின்றது. போன விசாக தினத்துக்கு முதல் நாள் அதே ஆன்டி வேலியருகே வந்து, “கொஞ்சம் பூ கிடைக்குமா? இது புத்தர் மரம்” என்று மலாயில் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே வந்து, “நம்ம சிவன் பூவை எப்படிம்மா கொடுக்கிறது?” என்றார்.

வானொலிக்காரிக்குச் சரிபார்க்காமல் பேச வராது. தேடிப் படித்தேன். குசினாராவில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் கடைசியாகப் படுத்தபோது, அவை பருவமில்லாத காலத்தில் பூத்து அவர்மேல் உதிர்ந்தன என்கிறது மகாபரிநிப்பான சுத்தம். இலங்கை, தாய்லாந்து விகாரைகளில் நாகலிங்கத்தைத்தான் சால மரம் என்று வளர்க்கிறார்கள். நாம் லிங்கம் பார்க்கும் இடத்தில் சிங்களவர்கள் தூபியைப் பார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இது அந்த மரமே இல்லை. நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. புத்தர் இதைப் பார்த்திருக்க வழியில்லை. நம் பழைய சிவனடியார்களும்தான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நிஜமான சால மரம் நம்மூர் மெராந்திக்குச் சொந்தம். கதவு, ஜன்னல் செய்கிறோமே, அந்த மெராந்திதான்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். பூ தூவுவது தனக்குச் செய்யும் உண்மையான மரியாதை இல்லை, தான் சொன்ன வழியில் நடப்பதே மரியாதை என்று புத்தர் அன்று ஆனந்தரிடம் சொன்னாராம்.

“அப்புறம் எதுக்குப் பூ கேக்குறாங்க?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

மறுநாள் விடியற்காலையில் ஏழு பூ பூத்திருந்தது. நான்கு சிவன் படத்துக்குப் போனது. மூன்றைத் தட்டில் வைத்து அம்மாவே வேலிக்கு எடுத்துப்போனார்.

“சாயங்காலத்துக்குள்ள வாடிரும், சீக்கிரம் வச்சிடுங்க” என்றார், தனக்குத் தெரிந்த மலாயில்.

“வாடட்டும். நம்ம உடம்பும் இப்படித்தான்னு நினைச்சுத்தான் வைக்கிறோம்” என்றார் ஆன்டி.

அம்மா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேலிப்பக்கம் தொங்கும் காய்களை இறக்க ஆள் யாராவது தெரியுமா என்று ஆன்டியிடமே கேட்டார்.