பாட்டியின் கையளவு



பேராக், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத் தொழிலாளி சுகுவும் அவர் மனைவி பவித்ராவும் 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தங்கள் சமையலைப் படம்பிடித்து யூடியூப்பில் போடத் தொடங்கினார்கள். மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டில் அடைபட்ட மக்கள் அதைப் பார்த்தார்கள். ஆடம்பரம் ஏதுமில்லை. பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் பவித்ரா நல்ல மலாயில் விளக்கினார். முதலாண்டிலேயே பல இலட்சம் பேர் சேர்ந்தார்கள். அன்றைய பிரதமர் முகிதின் யாசினும் தம் உரையில் அவர்களைக் குறிப்பிட்டார்.

அந்த ஓராண்டு நமக்குச் சொல்வது இதுதான்: தோட்டத்து அடுப்படி அறிவைக் கேட்க ஊரே காத்திருக்கிறது.

நம் கெடாவையே பாருங்கள். 1941 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக்கிழங்குதான் பலருடைய பசியை ஆற்றியது. அதை எப்படியெல்லாம் ஆக்கினார்கள் என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்று மிகச் சிலரே. அவர்களும் “ஒரு கை உப்பு, கண்ணளவு மிளகாய்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கையளவைக் கரண்டியால் அளந்து எழுதிவைத்தால்தான் பேத்திக்கு வந்து சேரும்.

வாரம் ஒரு பதார்த்தம் போதும். ஓராண்டில் 52 சேர்ந்துவிடும். பிள்ளைகளையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.