நாடி இல்லையென்றால் ஓட்டம் இல்லையா?

நாடி துடிக்காத உடலில் ரத்தம் ஒழுங்காகப் பாயாது, இதயத்துக்குத் துணையாகப் பொருத்தும் சுழல் பம்பு உறுப்புகளைப் பட்டினி போடுகிறது என்கிறார் ஒரு கட்டுரையாளர். தவறு. திசுவுக்கு வேண்டியது போதிய ரத்தம், போதிய அழுத்தம். துடிப்பு பெரிய தமனிகளில்தான் ஓங்கி நிற்கிறது. நுண்குழாய்களை எட்டுமுன் பெரிதும் அடங்கிவிடும். ஹார்ட்மேட் 2 என்னும் சுழல் பம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 முறை சுழன்று, இடது கீழறையின் ரத்தத்தை மகாதமனிக்குள் இடைவிடாமல் தள்ளுகிறது. 2009இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், அதைப் பொருத்திக்கொண்டோரில் இரண்டாண்டு உயிர்வாழ்வு 58 விழுக்காடு. துடிப்போடு தள்ளிய பழைய பம்பில்? வெறும் 24. நலிந்திருந்த சிறுநீரகங்கள் பலருக்குத் தேறவும் செய்தன. பட்டினி கிடந்த உறுப்பு தேறுமா?

குறைகள் உண்டு. அவற்றைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பதுதான் என் கோபம். சுழற்சியின் விசையில், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதம் சிதைகிறது. குடலில் பலவீனமான ரத்தக்குழாய்கள் உருவாகின்றன. ரத்தக்கசிவு அங்கே தொடங்குகிறது. மகாதமனி வால்வு திறக்காமலே கிடந்தால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், கசியும்.

நாடி கிடைக்காததை மரணத்துக்குச் சமமாக்கும் பேச்சோ ஆபத்தானது. மயங்கிக் கிடக்கும், பம்பு பொருத்திய நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முதலில் பம்பின் ரீங்காரத்தைக் கேட்க வேண்டும். அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளக்க வேண்டும்.