‘நரம்பே கிடைக்கலை!’ - வெளிச்சம் காட்டும் கருவி வந்தால் ஒரே குத்தில் ஊசி ஏறிவிடுமா?

“நரம்பே கிடைக்கலையே... இன்னொரு கையைக் காட்டுங்க!”

காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போன அம்மாக்களுக்கு, இந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். ரப்பர் ட்யூபைக் கட்டி, புறங்கையைத் தட்டி, குத்தி, அந்த இடம் வீங்கிப்போய், அடுத்த கை... அப்புறம் கால். குழந்தை அலறும். கூட வந்த பாட்டி நர்ஸைத் திட்டத் தொடங்குவார்.

நாம் ‘நரம்பு’ என்று சொன்னாலும், ஊசி ஏறவேண்டியது நரம்பில் இல்லை. சிரை என்கிற ரத்தநாளத்தில். தவறி நரம்பில் பட்டால் ஷாக் அடித்ததுபோல சுரீரென்று இழுக்கும். அப்படி இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சிரையைத் தேடித்தர வந்ததுதான் ‘வெயின் ஃபைண்டர்’. டார்ச் லைட் மாதிரி ஒரு கையில் பிடித்து, தோலைத் தொடாமல் சற்று உயரத்தில் காட்டினால் போதும். கைமேல் சிவப்பாகவோ பச்சையாகவோ வெளிச்சம் விழும். அதற்குள் சிரைகள் மரக்கிளைபோல கறுப்புக் கோடுகளாக ஓடும். பார்த்தவுடன் எக்ஸ்ரேவோ என்று பயம் வரலாம். இல்லை. டி.வி ரிமோட்டிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தின் குடும்பம்தான் இது, அகச்சிவப்புக் கதிர். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும். சுற்றியுள்ள சதை அதைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து, அதே இடத்தில் படமாகக் காட்டுகிறது கருவி. கறுப்பான தோலிலும் பெரும்பாலும் வேலை செய்யும். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் மட்டும் வாங்கக் கூடாது.

அப்படியென்றால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் இடிக்கிறது.

நெதர்லாந்தில் குழந்தைகளிடம் இப்படி மூன்று வகைக் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிரை தெளிவாகத் தெரிந்தது. ஆனால், முதல் குத்திலேயே ஊசி ஏறுவது கூடவில்லை!

காரணம் எளிது. கருவி காட்டுவது தட்டையான படம். சிரை எங்கே இருக்கிறது என்று சொல்லும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது. ஊசியைப் பார்த்ததும் வழுக்கி நகரும் சிரையையும், கீமோவில் கெட்டிப்பட்ட சிரையையும் விரலால் தடவித்தான் உணர முடியும். கருவியைச் சாய்த்துப் பிடித்தால் கோடே இடம் மாறித் தெரியும். சுமார் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது தெரியவே தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட்தான் வழி.

அதற்காகக் கருவி வீண் என்று தள்ளிவிட முடியாது. கொழுகொழு குழந்தைகள், உடல் பருமனானவர்கள், அடிக்கடி டிரிப்ஸ் ஏற்றி ஏற்றிக் கை ஓய்ந்தவர்கள் என, கண்ணுக்கும் விரலுக்கும் சிரை சிக்காதவர்களிடம் எந்த இடத்தில் தேடலாம் என்று காட்டவாவது உதவும். நல்ல கைப்பழக்கம் உள்ள நர்ஸிடம் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்காரர்களும் கொஞ்சம் உதவலாம். போனமுறை எந்தக் கையில், எந்த இடத்தில் சுலபமாகக் கிடைத்தது என்று முன்பே சொல்லுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஏ.சி-யில் சில்லிட்ட கையைச் சூடாக்கி, தொங்கவிடச் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்துலா வைத்த கையை மட்டும் நீட்டவே வேண்டாம்.

இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லையா? “சிஸ்டர், வேற யாராவது சீனியர் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்று பாட்டி தாராளமாகக் கேட்கலாம்.