பிள்ளையிடம் மறைக்காதீர்கள்



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று மறைக்கிறோம். லயத்தில் நாலு பேர் குசுகுசுத்தால் பிள்ளைக்குத் தெரியாமலா போகும்? தான் அடம்பிடித்ததால்தான் அம்மாவுக்கு நோய் வந்ததோ என்று உள்ளுக்குள் குமையும்.

நோயின் பெயரைச் சொல்லுங்கள். அது பிள்ளையால் வந்ததல்ல, தொட்டால் ஒட்டாது, அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம். மருந்தினால் முடி கொட்டக்கூடும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

அம்மா புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் தங்க நேர்ந்தால், தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பப்போவது யார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆசிரியருக்கும் தெரிவியுங்கள்.

"அம்மா செத்துடுவாங்களா?" என்று கேட்டால் பொய்ச் சத்தியம் வேண்டாம். "டாக்டருங்க பாடுபடுறாங்க. என்ன நடந்தாலும் உன்னைப் பார்த்துக்க நாங்க இருக்கோம்" என்று அணைத்துக்கொள்ளுங்கள்.