டைனமோ மேல பழி போடாதீங்க சாமி

"இந்தக் காலத்துல யாரு சார் டைனமோ போடுறாங்க? சார்ஜ் லைட் வாங்கி மாட்டுங்க."

லிங்கராஜபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரர் சொன்னது. பையன் டியூஷன் முடிந்து வர ராத்திரி எட்டாகிறது. சரி என்று வாங்கி மாட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் சார்ஜ் போட மறந்துவிட்டு, மேம்பாலத்துப் பக்கம் இருட்டோடு இருட்டாக வருகிறான். டைனமோவுக்கு மறதி கிடையாது. சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும்.

"எங்கேய்யா எரிஞ்சுது?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. விளக்கில்லாத சைக்கிளை போலீஸ் பிடித்த காலத்தில், தூரத்தில் தொப்பியைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போன ஆசாமிகள்தானே நாம்! டைனமோ என்னவோ இருக்கும். வயர்தான் அறுந்திருக்கும். என் கட்சி இதுதான்: குற்றவாளி டைனமோ இல்லை, வயரை இழுத்த விதம்.

பின் சக்கரத்தில் டைனமோவை மாட்டி, ஒத்தை வயரை ஃப்ரேமில் கொடி மாதிரி நாலு சுற்று சுற்றி, நுனியை முன் விளக்கில் சொருகிவிடுவார்கள். கரண்ட் திரும்பி வரும் வழி சைக்கிள் இரும்புதான். க்ளாம்பில் இருக்கும் கூர் ஸ்க்ரூ பெயின்ட்டைக் கீறி இரும்பைத் தொட்டால்தான் அது நடக்கும். துரு ஏறினால் போச்சு. பி.காம். படித்தவனுக்கு இது சிங்கிள் என்ட்ரி கணக்கு. போனதை எழுதினாய், வந்ததை யார் எழுதுவது?

டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்பு 2.4, பின் பல்பு 0.6. டேலி ஆகிறது. முன் வயர் அறுந்தால் மொத்தக் கரண்டும் பின் பல்பின் தலையில் விழுந்து அதுவும் காலி.

ஆகவே இரட்டை வயர் போடுங்கள். சாய்வாக இறங்கும் குழாயின் அடியில், ஒட்டினாற்போல, சாணுக்கு ஒரு கட்டு. பின் விளக்கு வயர் மட்கார்டின் உள்மடிப்பில் போகட்டும். ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள், அறுவது அங்கேதான். குழாய்க்குள்ளேயே விட ஆசையா? ஏற்கெனவே ஓட்டை இருந்தால் ரப்பர் வளையம் போட்டு விடுங்கள், இல்லாவிட்டால் தகரம் வயரின் தோலைச் சீவிவிடும். ஓட்டை இல்லையா, டிரில்லைத் தொடாதீர்கள். பிள்ளையின் எடையைத் தாங்கும் குழாய் அது.

சைக்கிள் நின்றால் விளக்கு அணையும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் ரிஃப்ளெக்டர் இருக்கட்டும். ஆனால் ரிஃப்ளெக்டர் அடுத்தவன் வெளிச்சத்தில்தான் மின்னும், பள்ளத்தைக் காட்டாது.

ஜெர்மனியில் 2013 வரை சாதாரண சைக்கிளுக்கு டைனமோ விளக்கு சட்டப்படி கட்டாயம். இங்கே 21 கியர் வைத்து விற்கிறார்கள், விளக்கு மட்டும் எக்ஸ்ட்ரா. நாமும் கியரை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

அப்பாக்களே, ஒரே ஒரு கேள்வி. எத்தனையாவது கியர் போட்டால் இருட்டில் பள்ளம் தெரியும்?